டோனாவூர் அம்மாவும் வீட்டுப் பள்ளிக்கூடமும்

1901-ம் வருஷம் மார்ச் மாதம். அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில் பண்ணைவிளை என்ற ஊர். பக்கத்துப் பெருங்குளத்தில் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி வளர்க்கும் ஒரு வீட்டிலிருந்து ஏழு வயசுப் பெண் குழந்தை தப்பி வந்தது. பெயர் பிரீனா. அதற்கு முன்னாடியும் ஒரு தடவை தூத்துக்குடியில் இருந்த அம்மாவிடம் ஓடிப் போயிருக்கிறாள். பயந்துபோன அம்மா திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாகக் கையில் சூடு. இரண்டாவது தடவை அவள் அம்மாவிடம் போகவில்லை. சர்ச் பக்கத்தில் தனியாக நின்றவளை ஒரு பெண் பார்த்து, அந்த ஊரில் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாவிடம் கொண்டுபோய் விட்டாள். அந்த வெள்ளைக்கார அம்மாதான் எமி கார்மைக்கேல்.

(தேவதாசி முறைக்கு இசை, நாட்டியம் என்று பெரிய வரலாறு இருக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே நான் பேசுவது, அங்கே இருக்க விருப்பமில்லாத ஒரு ஏழு வயசுக் குழந்தையைப் பற்றி மட்டும்.)

எங்க ஆச்சிக்கு நாசரேத் பக்கம். சின்ன வயசில் டோனாவூர் கதையை ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அது ஒரு நல்ல வெள்ளைக்காரம்மா கதை, அவ்வளவுதான். இந்த வருஷம்தான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கதை.

எமி 1867-ல் வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். மாவு மில் நடத்திய குடும்பம், ஏழு பிள்ளைகளில் மூத்தவர். சின்ன வயசில் அவருக்கே வீட்டுக்கு ஆள் வந்துதான் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், அப்புறம்தான் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளி. பதினெட்டு வயசு ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். பெல்ஃபாஸ்ட்டில் மில் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களுக்காக ஒரு கூடம் கட்டினார். யாரிடமும் கையேந்தவில்லை, ஜெபம் மட்டும் பண்ணினார், பணம் வந்தது. இந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை.

ஜப்பானில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1895-ல் இந்தியா வந்தார். தமிழ் கற்றுக்கொண்டு தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியின் குழுவோடு கிராமம் கிராமமாகச் சுற்றினார். அந்தப் பயணத்தில்தான் பிரீனா வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, பத்து என்று குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், களக்காடு பக்கம் டோனாவூரில் குடியமர்ந்தார்கள். (ஊர்ப் பெயர், சர்ச் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரிலிருந்து வந்தது. நான் ரொம்ப நாளாக ஏதோ ஆற்றின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் :-) ) 1913 வாக்கில் அந்த வீட்டில் 130 பேருக்கு மேல். 1918-லிருந்து ஆண் குழந்தைகளும் சேர்ந்தார்கள்.

அந்த வீட்டின் விதிகள் சுலபமானவை, கேட்டால் தலை சுற்றும். யாருக்கும் சம்பளம் கிடையாது. யாரிடமும் பணம் கேட்கக் கூடாது. கடன் வாங்கக் கூடாது. தேவையைக் கடவுளிடம் சொல்வது, வந்ததை வைத்து நடத்துவது. எப்படி வந்தது என்ற கணக்கை வைத்தே எமி ஒரு புத்தகம் எழுதினார். மாசம் முப்பதாம் தேதி சம்பளம் வரவில்லை என்றால் முப்பத்தொண்ணாம் தேதி வயிற்றைக் கலக்கும் என்னை மாதிரி பொட்டி தட்டுகிற ஆசாமிக்கு, நூற்றுக்கு மேல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி நடத்தினார்கள் என்பதே நம்ப முடியாத விஷயம்.

இப்போ படிப்புக்கு வருவோம். அந்தக் காலத் திருநெல்வேலியில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சம் இல்லை. பாளையங்கோட்டையை தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சும்மாவா சொன்னார்கள்? மிஷன் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருந்தன. பெண்களுக்கு சாரா டக்கர் இருந்தது. எமி நினைத்திருந்தால் பிள்ளைகளை அங்கே விடுதியில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். செய்யவில்லை. வீட்டுக்குள்ளேயே சொல்லிக் கொடுத்தார்கள். மழலை வகுப்பில் ஆரம்பித்து எல்லாமே மதிலுக்குள். தோட்டம், பூ, மலை, காடு எல்லாம் பாடம்.

அங்கே டீச்சர், வார்டன் என்ற வார்த்தைகள் இல்லை. வளர்க்கும் பெண்கள் 'அக்காள்', வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் 'சித்தி', ஆண்கள் 'அண்ணாச்சி'. எமி 'அம்மா'. நம்ம நெல்லை உறவுமுறையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பல பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்த நாளையே கொண்டாடினார்கள். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போவது என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் பள்ளியும் வீடும் ஒன்றுதான்.

இப்போ நாம ஹோம் ஸ்கூலிங் என்று புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறோமே, அதில் விசுவாசத்தை அஸ்திவாரமாகப் போட்டு, நூறு வருஷத்துக்கு முன்னால் நம்ம ஊரிலேயே ஒரு ஆள் பெரிய அளவில் நடத்திக் காட்டியிருக்கிறார்.

சரி, ஏன் இதைப் படித்தேன்? எங்க அக்கா வீடு கும்மிடிப்பூண்டியில். அத்தானுக்கு சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் ஷிஃப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள், பெண் எட்டாவது, பையன் நாலாவது. இந்த வருஷம் இரண்டு பேரையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கலாம் என்று அக்காவும் அத்தானும் முடிவு பண்ணப் பார்க்கிறார்கள். அவர்கள் போகும் சபையில் இரண்டு மூன்று குடும்பம் ஏற்கெனவே அப்படிச் செய்கிறது. "கர்த்தர் பாத்துக்குவார்டா, நீ ஏன் பயப்படுத?" என்கிறாள் அக்கா. நானும் சிஎஸ்ஐ குடும்பத்தில் பிறந்தவன்தான். ஞாயிறு ஆராதனை சில நேரம் தவறும், கிறிஸ்மஸ் கேக் தவறாது. ஆனால் தாய்மாமன் ஆச்சே, கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா?

அக்கா எனக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னதே டோனாவூரைத்தான். "எமி அம்மா யார்ட்ட போய் நின்னாங்க? விசுவாசத்துல நடத்தலையா?" உண்மை. ஆனால் டோனாவூரை எடுத்துக்காட்டாக வைத்தால் முழுசாக வைக்க வேண்டும். பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

முதல் விஷயம், விசுவாசம் இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லை என்று அந்த வீட்டுக்கே தெரியும். ஆரம்ப காலத்தில் கைக்குழந்தைகளை மருத்துவ வசதிக்காக நெய்யூரில், லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வைத்து வளர்த்தார்கள். பொன்னம்மாள் என்ற இளம் விதவை அதைப் பார்த்துக்கொண்டார். அங்கே வயிற்றுக்கடுப்பு பரவி பத்துக் குழந்தைகள் இறந்துபோனார்கள். ஜெபம் பண்ணாமலா இருந்திருப்பார்கள்? 1912-ல் வாக்கர் திடீரென்று இறந்தார். 1915-ல் பொன்னம்மாள் புற்றுநோயில் போனார். ஆனாலும் வீடு நின்றது. 1931-ல் எமியே ஒரு குழியில் விழுந்து அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை கிட்டத்தட்ட இருபது வருஷம் படுக்கையில்தான் இருந்தார். அப்போதும் வீடு நின்றது.

எப்படி? எங்க துறையில் 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்று ஒரு பேச்சு உண்டு. ஒரே ஒரு இடம் படுத்தால் மொத்த சிஸ்டமும் படுத்துவிடும் என்றால் அது மோசமான டிசைன். டோனாவூர் அப்படி இல்லை. ஒருத்தர் விழுந்தால் தூக்கிப் பிடிக்கப் பத்து அக்காமார் இருந்தார்கள், அதிலும் பலர் அங்கேயே வளர்ந்த பெண்கள். அருளாய் என்ற சிறுமி வந்து, வளர்ந்து, எமியின் வலது கையாகவே ஆனார். எமிக்கு முன்னாலேயே 1939-ல் அவரும் இறந்துவிட்டார், அப்போதும் நிற்கவில்லை. எமி அம்மாவின் விசுவாசம் என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இத்தனை பேரின் தினசரி உழைப்பு இருக்கிறது. எங்க அக்கா வீட்டில்? அக்கா ஒருத்தி. அத்தானுக்கு நைட் ஷிஃப்ட். அக்காவுக்கு ஒரு டெங்கு வந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் மூடல்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் கசப்பானது. மதில். பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு போகப் பார்த்தவர்கள் இருந்த காலம், அதனால் மதில் தேவைப்பட்டது. ஆனால் மதிலுக்கு இரண்டு பக்கமும் உண்டே. முத்தம்மாள் என்ற சிறுமியைப் பற்றிய வழக்கில், அவளைக் குடும்பத்திடம் ஒப்படைக்கச் சொல்லி 1911-ல் தீர்ப்பு வந்தது. பெண் காணாமல் போய்விட்டாள். நண்பர்கள் அவளை மாறுவேடத்தில் கடல் கடந்து அனுப்பியிருந்தார்கள், கடைசியில் சீனா போய்ச் சேர்ந்தாள். எமிக்கே சிறைத் தண்டனை வந்திருக்கலாம். அந்தப் பெண் திரும்பிப் போக விரும்பவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு அவர்கள் பக்கம்தான் மனசு போகிறது. அதே நேரம், 'என் விசுவாசம் சொல்கிறது, கோர்ட் அப்புறம்தான்' என்று எல்லா மதத்துக்காரரும் கிளம்பினால் என்ன ஆகும் என்றும் தோன்றுகிறது. இரண்டும் உண்மைதான்.

உள்ளே இருந்தே மாற்றுக் கருத்து வந்தபோதும் சிக்கல்தான். கேம்பிரிட்ஜில் படித்த ஸ்டீஃபன் நீல் என்ற இளைஞர் 1924-ல் டோனாவூர் வந்தார். எமிக்கும் அவருக்கும் ஒத்துப் போகவில்லை. ஒரே வருஷத்தில் வெளியே போக வேண்டியதாயிற்று. சாதாரண ஆள் இல்லை, 1939-ல் அதே திருநெல்வேலிக்கு பிஷப்பாக வந்தவர். யார் சரி என்று பஞ்சாயத்து பண்ண நான் வரவில்லை. ஒரே நம்பிக்கை, ஒரே மனசு என்று கட்டிய வீட்டில் "இது சரியா?" என்று கேட்கிறவருக்கு நாற்காலி கிடைப்பது கஷ்டம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் தப்பாகச் சொன்னால் இன்னொரு டீச்சர் திருத்துவார். வீட்டில் அம்மா தப்பாகச் சொன்னால் யார் திருத்துவது?

இதைப் படிக்கும்போது அதே காலத்தில் வீட்டில் படித்த இன்னொரு பெண் நினைவுக்கு வந்தார். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி பெரியவள் ஆனதும் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அப்பா மகாராஜா கல்லூரி முதல்வர், அதனால் வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. 1902-ல் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். அப்புறம் ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் எதிர்ப்பை மீறி இடம், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். ஆமாம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகச் சட்டமன்றத்தில் நின்று போராடியவரும் அவர்தான். அந்த வழக்கத்திலிருந்து வெளியே வந்த பெண்களுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்து, அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டமே வந்தது.

ரெண்டு பேரும் மீட்க நினைத்தது ஒரே மாதிரிக் குழந்தைகளை. எமி சட்டத்துக்கு வெளியே நின்று காப்பாற்றினார். முத்துலட்சுமி சட்டத்தையே மாற்றினார். அதற்கு அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது, வீட்டில் படித்தாலும் வெளியே போய் எழுதி வாங்கிய மெட்ரிகுலேஷன் சான்றிதழ். அந்த ஒரு தேர்வு இல்லையென்றால் கல்லூரி இல்லை, டாக்டர் இல்லை, சட்டமன்றம் இல்லை. வீட்டுப் படிப்பு அவரைப் பொறுத்தவரை வெளியே போகும் வாசல்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடினேன். 1985 ஜூலையில் கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள், நம்பிக்கை இடம் தரவில்லை. உயர்நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அதாவது உன் விசுவாசத்தோடேயே பள்ளிக்கூடத்துக்குள் உட்கார உனக்கு உரிமை உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பு. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் விசுவாசம் போய்விடும் என்று பயப்படும் அக்காவுக்கு இதை நான் முக்கியமாகச் சொன்னேன்.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினாலு வயசு வரை பேசுகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. வீட்டிலேயே படிப்பிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தண்டனையும் இல்லை. அப்படிப் படிப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத வைக்கிறார்கள். பதினாலு வயசு ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் எல்லா மாநிலத்திலும் வீட்டுக் கல்விக்குச் சட்டப்படி இடம் உண்டு. ஜெர்மனியில் தலைகீழ். மத நம்பிக்கைக்காகப் பிள்ளைகளை வீட்டில் படிப்பிக்கக் கேட்ட ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தை 2006-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் கைவிட்டுவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு அமெரிக்கத் தீர்ப்பு. 1972, விஸ்கான்சின் மாநிலம். ஆமிஷ் என்ற எளிய கிறிஸ்தவக் கூட்டம் எட்டாவதுக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தது. ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம், உச்ச நீதிமன்றம் வரை போய் பெற்றோர் ஜெயித்தார்கள். அதில் நீதிபதி டக்ளஸ் மட்டும் ஒரு இடத்தில் முரண்டு பிடித்தார். பெற்றோரின் நம்பிக்கை சரி, பிள்ளைகளிடம் கேட்டீர்களா என்றார். வழக்கில் இருந்த பிள்ளைகளில் ஒரே ஒரு பெண்தான் சாட்சி சொல்லியிருந்தாள். நாளைக்கு அந்தப் பிள்ளை பியானோ வாசிக்க, விண்வெளிக்குப் போக ஆசைப்படலாம் இல்லையா என்பது அவர் வாதம்.

டோனாவூர்க் கதையை இதோடு சேர்த்து யோசித்தேன். பிரீனா தன் காலால் நடந்து வந்தவள். எங்கே இருக்க வேண்டும் என்பதை ஏழு வயசில் அவளே முடிவு பண்ணினாள். விசுவாசம் எமியுடையது, ஆனால் முதல் அடி அந்தக் குழந்தையுடையது. அவளுக்குப் பின் கைக்குழந்தையாக வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அவர்களுக்கு வேறு போக்கிடமும் இல்லை. அக்கா பிள்ளைகளுக்குப் போக்கிடம் இருக்கிறது. தினமும் காலையில் வாசலில் வேன் வந்து நிற்கிறது. இதே திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில், ஒடிசாவிலிருந்து அப்பா அம்மாவோடு வந்து, பள்ளிக்கூடம் போக முடியாமல் கல் அடுக்கும் பிள்ளைகளை அத்தானே பார்த்திருக்கிறார். கிடைக்காதவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும்.

அதனால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். அக்கா விழுந்தால் யார் சொல்லிக் கொடுப்பது? அக்கா தப்பாகச் சொன்னால் திருத்த வெளியாள் யார்? பெரியவளுக்குப் பதினாலு முடிந்ததும் வெளியே போய்த் தேர்வு எழுத இன்றைக்கே ஏற்பாடு உண்டா? இதுக்கெல்லாம் பதில் வைத்துக்கொண்டு கர்த்தரை நம்பினால் அது எமி அம்மா நம்பின மாதிரி. பதிலே இல்லாமல் நம்பினால், நம்புவது நாம், பணயம் வைப்பது பிள்ளையை.

நாலாவது கேள்வியைப் பிள்ளைகளிடம் கேட்டேன். பையன் ஒரே குஷியாக, "பள்ளிக்கூடம் வேண்டாம் மாமா" என்றான். பெரியவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு லேப் வேணும் மாமா. வீட்ல அம்மா எல்லாம் சொல்லித் தருவாங்க, லேப் எங்க இருக்கு?" என்றாள்.

அத்தான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "சரி, இதையும் ஜெபத்துல வைப்போம்" என்றார். வையுங்கள் அத்தான். அவள் சொன்னதையும் சேர்த்து வையுங்கள்.